தர்மச் சொத்துக்குப் பங்கு கிடையாது, ஆச்சி

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் ஒரு நகரத்தார் ஊர் எங்களுடையது. என் மாமனாரின் தகப்பனார் 1936-இல் தர்ம சாசனம் எழுதி, ஒரு சத்திரம், ஆறு கடைகள், கொஞ்சம் நிலம் ஆகியவற்றை ஒதுக்கிவைத்தார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களுக்கு அன்னதானம், ஊருணிப் பராமரிப்பு, வண்டிமாடுகளுக்குத் தண்ணீரும் வைக்கோலும், நம் சமூகப் பிள்ளைகளுக்குப் படிப்புதவி, சிவன் கோயிலில் ஒரு விளக்குக் கட்டளை ஆகியவை சாசனத்தில் உள்ள தர்மங்கள். ஆண்டு வருமானம் ஏழு லட்சத்துக்குள். நான்கு வீட்டாருக்கும் தலா ஒரு தர்மகர்த்தா. என் கணவர் காலமான பிறகு எங்கள் வீட்டுக்கு என் மகன். அவன் சிங்கப்பூரில் இருக்கிறான், இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்டான். கணக்கை நான்தான் எழுதுகிறேன். எல்லா அறக்கட்டளைகளையும் ஓர் ஆணையத்தின் கீழ் கொண்டுவரச் சட்டம் வருகிறது, அதற்குள் விற்றுப் பங்கு பிரித்துக்கொள்வோம் என்று இரண்டு வீட்டார் நெருக்குகிறார்கள். பழையதைக் கலைத்துவிட்டுப் புதிதாக அறக்கட்டளை தொடங்கலாம் என்கிறார் அவர்கள் அழைத்துவந்த ஆலோசகர். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஆச்சி, விற்காதீர்கள், பிரிக்காதீர்கள், கலைக்காதீர்கள். வரப்போகும் சட்டத்துக்குப் பயந்து இந்த மூன்றில் எதைச் செய்தாலும் ஏற்கெனவே இருக்கிற சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். நீங்கள் அனுப்பிய சாசன நகல், 2021-இல் வந்த வருமான வரித்துறையின் வரிவிலக்குப் பதிவு ஆணை, சென்ற ஆண்டின் ஐந்தொகை (ஆண்டிறுதிக் கணக்கு) மூன்றையும் நிதானமாகப் படித்தேன். பங்காளிகள் காட்டுகிற திசையில் ஆபத்து எதுவும் இல்லை. அவர்கள் புரட்டியே பார்க்காத தாள்களில் இருக்கிறது.

ஆணையப் பேச்சு புதிதல்ல. வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2008-இல் அளித்த ஒன்பதாவது அறிக்கை, டிரஸ்ட்டுகளுக்கும் சங்கங்களுக்கும் சேர்த்து ஒரு மாதிரிச் சட்டம் எழுத வேண்டும் என்றது. மாநிலத்துக்கு ஓர் அறநிலைய ஆணையம், அதில் மூன்று உறுப்பினர்கள். தலைவர் மாவட்ட நீதிபதிகளின் வரிசையிலிருந்து வருபவர். மற்ற இருவரில் ஒருவர் தொண்டு நிறுவனங்களின் தரப்பு, ஒருவர் அரசு அதிகாரி. ஆணையம் தவறினால் முறையிட ஒரு தீர்ப்பாயம். இதே அறிக்கையில் இன்னொரு பரிந்துரையும் உண்டு; அதை வாட்ஸ்அப்பில் யாரும் அனுப்புவதில்லை. ஆண்டு வருமானம் பத்து லட்சத்துக்குக் கீழே உள்ள சிறிய அறநிலையங்களுக்கு நடைமுறைச் சுமை குறைவாக இருக்க வேண்டும், அந்த வரம்பையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை உயர்த்த வேண்டும் என்பது அது. உங்கள் தர்மத்தின் வருமானம் ஏழு லட்சத்துக்குள். அந்தப் பரிந்துரை அப்படியே சட்டமானாலும் நீங்கள் சலுகைப் பக்கத்தில்தான் நிற்பீர்கள். அறநிலையங்கள் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் வருவதால் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றலாம், மாநிலச் சட்டமன்றமும் இயற்றலாம். இயற்றட்டும், அன்றைக்குப் படித்துப் பார்ப்போம்.

முன்மொழிவைப் பார்த்துச் சொத்தை விற்பவர்களுக்கு ஒரு செய்தியை நினைவூட்ட வேண்டும். 2025 பிப்ரவரியில் தாக்கலான புதிய வருமான வரி மசோதாவில், சமயமும் பொதுத் தொண்டும் கலந்து செய்கிற அறநிலையங்கள் பெயர் தெரியாதவர்களிடமிருந்து பெறும் காணிக்கைக்கு வரி விழாமல் இருந்த பழைய பாதுகாப்பு விடுபட்டிருந்தது. உங்கள் சத்திரத்து வாசலில் தைப்பூசத்தின்போது வைக்கிற உண்டியல் போன்றவற்றை நேரடியாகத் தொடுகிற விஷயம். பாய்ஜயந்த் பாண்டா தலைமையிலான நாடாளுமன்றத் தேர்வுக் குழு அதைச் சுட்டிக்காட்டியது. ஆகஸ்டில் பழைய மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கொண்டுவந்த புதிய மசோதாவில் பாதுகாப்பு திரும்ப வந்தது. பிப்ரவரி வரைவைப் பார்த்துப் பதறி உண்டியலைத் தூக்கிய சத்திரங்கள் ஆகஸ்டில் என்ன செய்திருக்கும்?

ஆணையம் வந்தால் நல்லதா கெட்டதா என்று கேட்டால், சட்டம் ஒழுங்காக எழுதப்பட்டால் நல்லது என்பது என் கட்சி. இதைச் சொன்னால் எங்கள் ஊரிலேயே பலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் இன்றைய நிலையைப் பாருங்கள். 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் தனியார் டிரஸ்ட்டுகளுக்கானது, பொதுத் தர்மங்களைத் தொடாது. மகாராஷ்டிரத்தில் 1950 முதல் பொது அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது, அறக்கட்டளை ஆணையர் இருக்கிறார். தர்மகர்த்தா மாறினால் 90 நாளுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் 1936-இல் பதிந்ததோடு சரி. அதற்குப் பிறகு யார் தர்மகர்த்தா, யார் இறந்தார், வாடகை எங்கே போகிறது என்று எந்த அலுவலகமும் கேட்கவில்லை. தர்மகர்த்தா காலமான செய்தி வெளியே தெரிவது பெரும்பாலும் வங்கியில் கையெழுத்து பொருந்தாதபோதுதான். பங்காளிகளுக்குள் தகராறு முற்றினால் மிஞ்சுவது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு. அக்கறையுள்ள இருவர் நீதிமன்றத்தின் முன்அனுமதி பெற்று சிவகங்கை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். அந்த வழக்கு எத்தனை தலைமுறை நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாநிலத்தில் ஓர் எளிய பதிவேடும், கேட்பதற்கு ஓர் ஆளும் இருந்திருந்தால், இன்று உங்கள் பங்காளிகள் 'பிரித்துக்கொள்வோம்' என்று வாயெடுத்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பிரிவினைக்கு வருகிறேன். சாசனத்தின் கடைசிப் பத்தியைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள். 'தானாதி விக்கிரயங்களுக்கு யாதொரு பாத்தியதையும் இன்றி, சந்திர சூரியர் உள்ளவரை நடத்திவர வேண்டியது' என்று, அதாவது தானம் கொடுக்கவோ விற்கவோ யாருக்கும் உரிமை இல்லை என்று ஐயா தெளிவாக எழுதியிருக்கிறார். பழனிக்கு நடக்கிற எவரும் சாப்பிடலாம், ஊருணியில் எவரும் தண்ணீர் எடுக்கலாம். ஆகவே இது பொதுத் தர்மம். எழுதிக் கொடுத்த நாளிலேயே சொத்து குடும்பத்தை விட்டுப் போய்விட்டது. நான்கு வீட்டாருக்கும் இருப்பது நடத்துகிற பொறுப்பு, அனுபவிக்கிற பாத்தியதை அல்ல. நால்வரும் ஒருமனதாகக் கையெழுத்துப் போட்டாலும் பங்கு பிரிக்க முடியாது. பிரித்தால் ஊரில் யாராவது இருவர் அந்த 92-ஆம் பிரிவின் கீழ் போய் நிற்கலாம், வாங்கியவரின் பத்திரமும் ஆடும். இதைப் பங்காளிகளிடம் நீங்கள் வாயால் சொல்ல வேண்டாம். சாசனத்தின் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுங்கள்.

அரசு எடுத்துக்கொண்டுவிடும் என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. அதற்கு வழி புதுச் சட்டத்தில் வர வேண்டியதில்லை, பழைய சட்டத்திலேயே இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, இந்துப் பொதுத் தர்மம் ஒன்றில் நிர்வாகச் சீர்கேடு இருப்பதாக அரசு கருதினால் அறிவிக்கை மூலம் அதையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர இடமளிக்கிறது. சிவன் கோயில் விளக்குக் கட்டளை மட்டும் இப்போதே அந்தச் சட்டத்தின் பார்வைக்குள் வரக்கூடியது. கோயிலில் குறிப்பிட்ட ஒரு சேவைக்கு ஒதுக்கியது என்பதால் அதன் வரவு செலவைத் தனித்தாளில் எழுதுங்கள். மற்ற தர்மங்களுக்கு, கணக்கு சுத்தமாக இருப்பதைவிடப் பெரிய கவசம் கிடையாது. உங்களிடம் அந்தச் சுத்தம் முழுதாக இல்லை.

ஐந்தொகையில் நான்காவது வரி: 'மைத்துனர் கம்பெனியில் நிற்பது, ரூ. 8 லட்சம், வட்டி 12 சதவீதம்.' நீங்கள் ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள், ஏனென்றால் இதில் தவறு இருப்பதாக உங்களுக்குத் தோன்றவில்லை. நம் முன்னோர் செய்ததும் இதுதான். கடைக் கணக்கில் மகமை (தர்மத்துக்கான சிறு பிடித்தம்) பிடித்துத் தர்மத்தின் பேரில் பேரேட்டில் வரவு வைப்பார்கள். பணம் கடையிலேயே வட்டிக்கு ஓடும், வட்டியில் தர்மம் நடக்கும். கொழும்பு, மலேயா, பர்மாக் கடைகளிலும் அதே வழக்கம். பர்மாவில் கடைகள் போனபோது அவற்றில் நின்ற தர்மப் பணமும் சேர்ந்தே போனது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. வருமான வரிச் சட்டத்துக்கு அந்த நாணயம் புரியாது. தர்மப் பணம் வங்கி, அஞ்சலகம் போன்ற சட்டம் சொன்ன முதலீடுகளில் மட்டுமே நிற்க வேண்டும். தர்மகர்த்தாவின் உறவினருடைய கம்பெனியில் வங்கியைவிடக் கூடுதல் வட்டிக்கு நின்றாலும் அது விதிமீறல். வட்டியோடு சேர்த்து அந்த எட்டு லட்சத்தையும் தர்மத்தின் வங்கிக் கணக்குக்குத் திருப்பச் சொல்லுங்கள். ஆறு கடைகளில் இரண்டு பங்காளிகளிடம் மாதம் 800 ரூபாய்க்கு இருக்கின்றன, மற்ற நான்கும் 4,500 ரூபாய். இதுவும் அதே வகைக் குற்றம், சொந்தக்காரர்களுக்குக் குறைந்த வாடகை. சொத்தை விற்று அரசிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று துடிக்கிறவர்கள் அந்த இரண்டு கடைக்காரர்கள்தானா என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

இனி 2021 ஆணை. என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது இதுதான். வரிவிலக்குக்கான பழைய பதிவுகள் எல்லாவற்றையும் 2021 ஏப்ரல் முதல் புதிய முறையில் மறுபடி பதிய வேண்டும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று சட்டம் மாறியபோது நீங்கள் சரியாக விண்ணப்பித்து ஆணையும் வாங்கிவிட்டீர்கள். அதன் கடைசிப் பக்கத்தில் '2022-23 முதல் 2026-27 மதிப்பீட்டு ஆண்டு வரை' என்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில், '2027 மார்ச் வரை காலம் இருக்கிறது, அதனால் புதுப்பிக்க இன்னும் எழுதவில்லை' என்கிறீர்கள். இல்லை ஆச்சி. மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்றால் அது 2025-26-இல் ஈட்டிய வருமானத்துக்கானது. பதிவு 2026 மார்ச் 31-ஓடு முடிந்துவிட்டது. முடிவதற்கு ஆறு மாதம் முன்பே, அதாவது 2025 செப்டம்பர் 30-க்குள், விண்ணப்பித்திருக்க வேண்டும். இந்தக் குழப்பத்தில் விழுந்தவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல, படித்தவர்களும் விழுகிறார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் மதிப்பீட்டு ஆண்டு என்ற பேச்சையே எடுத்துவிட்டு, வரி ஆண்டு என்ற ஒன்றை மட்டும் வைத்திருக்கிறது. கொஞ்சம் முன்னாலேயே செய்திருக்கலாம்.

காலம் தவறியதன் விலை சின்னதல்ல. குறித்த காலத்தில் புதுப்பிக்க விண்ணப்பிக்காத அறநிலையத்தை, தர்மத்தன்மையை விட்டு வெளியேறியதாகவே கருதலாம் என்று 2023-இல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். அப்படிக் கருதினால் சொத்துகளின் சந்தை மதிப்பில் கடனைக் கழித்து, மிச்சத்துக்கு உச்ச விகிதத்தில் வரி. அதில் சில விலக்குகள் உண்டு, அவற்றை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். காரைக்குடிச் சாலை மேலுள்ள ஆறு கடைகளின் இன்றைய மதிப்பை நினைத்துப் பாருங்கள். நல்லவேளையாக, நியாயமான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் 2024 அக்டோபர் முதல் வருமான வரி ஆணையருக்கு உண்டு. மன்னித்தால் காலத்தில் கொடுத்த விண்ணப்பமாகவே அது கொள்ளப்படும். எனவே புதுப்பிக்கும் விண்ணப்பத்தையும், தாமதத்துக்கான காரணத்தை உண்மையாக விளக்கும் மனுவையும் சேர்த்து உடனே அனுப்புங்கள். 'ஆணையில் இருந்த மதிப்பீட்டு ஆண்டை நிதியாண்டு என்று புரிந்துகொண்டேன்' என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கணவர் காலமானதையும் தேதியோடு எழுதுங்கள். அலங்காரம் வேண்டாம்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 2025 நிதிச் சட்டத்தின்படி, விலக்குக்கு முந்தைய வருமானம் கடந்த இரண்டு ஆண்டிலும் ஆண்டுக்கு ஐந்து கோடியைத் தாண்டாத அறநிலையங்களுக்குப் பதிவு ஐந்து ஆண்டுக்குப் பதில் பத்து ஆண்டுக்குக் கிடைக்கும். உங்கள் ஏழு லட்சத்துக்கு அந்தக் கவலையே இல்லை. சீர்திருத்தம் என்றாலே கழுத்தைப் பிடிப்பது என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

அந்த ஆலோசகர் சொன்ன 'கலைத்துவிட்டுப் புதிது' யோசனையை அவர் சட்டத்தைப் படித்துச் சொன்னாரா என்று எனக்குச் சந்தேகம். கலைக்கிற அறநிலையம் தன் சொத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குள் பதிவுபெற்ற வேறொன்றுக்கு மாற்றாவிட்டால், மேலே சொன்ன அதே வெளியேற்ற வரி விழும். அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. குறிப்பிட்ட சமூகத்துக்கோ சாதிக்கோ நன்மை செய்கிற அறக்கட்டளைக்கு வரிவிலக்கு இல்லை என்ற விதி, 1961-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1962 ஏப்ரல் 1-க்குப் பிறகு தோன்றியவற்றுக்கானது. உங்கள் சாசனம் 1936-இல் எழுதியது. 'நம் சமூகப் பிள்ளைகளுக்குப் படிப்புதவி' என்ற வரி அதில் இத்தனை காலம் பத்திரமாக இருந்ததற்கு அந்தத் தேதிதான் காரணம். புதிதாகத் தொடங்கி அதே வரியை எழுதினால் விலக்கு கிடைக்காது. ஐயா விட்டுப்போன சொத்துகளில் விலை மதிக்க முடியாதது அந்த 1936 என்ற எண்தான். அதை நீங்களே அழிக்காதீர்கள். எல்லாச் சமூகப் பிள்ளைகளுக்கும் உதவ வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் (கடிதத்தின் ஓரிடத்தில் அப்படி ஒரு ஆசை தெரிகிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது), அதற்குப் புதிதாக ஒன்றைத் தனியே தொடங்கலாம். பழையதைத் தொட வேண்டியதில்லை.

வண்டிமாட்டு வைக்கோல் விஷயத்தில் பங்காளிகளுக்கு ஓரளவு நியாயம் உண்டு. மாடே வராத சாலையில் தண்ணீர்த் தொட்டிக்கு ஆண்டுதோறும் தொகை ஒதுக்கி, அது செலவாகாமல் நிற்கிறது. நோக்கம் வழக்கொழிந்துபோனால் அதற்கு நெருக்கமான வேறொரு நோக்கத்துக்குத் திருப்ப நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று 92-ஆம் பிரிவிலேயே 1976 திருத்தத்தில் சேர்த்திருக்கிறார்கள். நடைப்பயணிகளுக்குக் குடிநீரும் கழிப்பறையும் கேட்டுப் பார்க்கலாம். தர்மகர்த்தாக்களே தீர்மானம் போட்டு மாற்றிக்கொள்ள முடியாது, வக்கீலை வைத்துத்தான் போக வேண்டும். ஆனால் அவசரமில்லை. பதிவு கைக்கு வந்த பிறகு பாருங்கள்.

அவசரம் உங்கள் மகன் விஷயத்தில். தைப்பூச அன்னதானத்துக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் அனுப்புகிறார் என்று ஐந்தொகையில் வரவு இருக்கிறது. அவர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவரை, வெளிநாட்டில் சம்பாதித்து வங்கி வழியாக அனுப்பிய பணம் வெளிநாட்டு நன்கொடை அல்ல. சிங்கப்பூர்க் குடிமகனான நாள் முதல் அதே கை, அதே பணம் வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் மாற்றமில்லை, இங்கே வந்து ரூபாயாகக் கொடுத்தாலும் மாற்றமில்லை. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் தர்மம் அதைப் பெறக் கூடாது. பதிவு கேட்க, மூன்று ஆண்டுகளாக இயங்கி, அந்த மூன்று ஆண்டில் பதினைந்து லட்சமாவது தொண்டுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். நீங்கள் அந்த வரம்பை ஒட்டித்தான் இருக்கிறீர்கள். கிடைத்தாலும் 2020 திருத்தப்படி பணம் புதுதில்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில் கணக்கு திறந்துதான் வர வேண்டும். ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்காக இத்தனை பாடு தேவையா என்பது நால்வரும் பேசி முடிவுசெய்ய வேண்டியது. தேவையில்லை என்பேன் நான். அனுப்புவதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். குடியுரிமை மாறிய பிறகு வந்த தொகைகளைத் தனியே எடுத்து எழுதி, அந்தச் சட்டத்தில் பழக்கமுள்ள வக்கீலிடம் காட்டுங்கள். அபராதம் கட்டித் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு சட்டத்தில் உண்டு. 'எனக்கு அனுப்பச் சொல்லி, நான் என் பெயரில் கொடுத்துவிடலாமா' என்று அடிக்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் குறுக்கு வழிக்கு நான் துணை வர மாட்டேன். அவர் தைப்பூசத்துக்கு ஊருக்கு வரும்போது, தர்மத்தின் கணக்கிலும் ரசீதிலும் வராமல், தன் சொந்தச் செலவில் ஒருவேளை சோறு போட விரும்பினால் அது அவருடைய காரியம்.

தர்மகர்த்தாவாக அவர் நீடிப்பதைப் பொறுத்தவரை, சாசனம் 'எங்கள் வம்சத்தில் ஊரில் வசிக்கும் மூத்தவர்' என்று தொடங்குகிறது. 'ஊரில் வசிக்கும்' என்ற இரண்டு சொற்களை நால்வரும் இதுவரை கவனிக்கவில்லை போலிருக்கிறது. சிங்கப்பூரில் இருப்பவர் அதற்குள் வருவாரா என்பதை வக்கீலிடம் கேளுங்கள். அந்த வரியில் ஆண் வாரிசு என்ற சொல் எங்குமே இல்லை என்பதையும் அவரிடம் காட்டுங்கள். ஊரில் வசித்துக் கணக்கும் எழுதிவருகிற நீங்கள் அந்த இடத்துக்கு வர முடியுமா என்பது தகுதியான கேள்வி.

இந்த வாரம் செய்ய வேண்டியது விண்ணப்பமும் மன்னிப்பு மனுவும். அதற்கு முன் தர்மகர்த்தாக்கள் கூட்டம் போட்டு, எட்டு லட்சத்தைத் திருப்புவது, இரண்டு கடைகளின் வாடகையை மற்ற நான்குக்குச் சமமாக்குவது, மகனின் நன்கொடையை நிறுத்துவது மூன்றையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 800 ரூபாய்க் கடைக்காரர்கள் கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்தார்கள் என்பதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவையுங்கள்.